தலையைத் தூக்கச் சொல்லுங்கள்

பொன்னிவளம் நர்சிங் கல்லூரியின் வாசலில் நிற்கும் வெண்கலச் சிலை, கையில் விளக்கோடு வார்டு வார்டாக நடந்த அந்த ஆங்கிலேய நர்ஸம்மாவுடையது என்று பீடத்தில் எழுதியிருக்கிறது. எழுதியிருக்காவிட்டால் யாரும் நம்பமாட்டார்கள். சுவாமிமலையில் வார்த்த சிலை. காலங்காலமாக அம்மன் செய்து பழகிய கை, கவுன் போட்ட பெண்மணியையும் இடுப்பை ஒரு பக்கம் ஒடித்து நிறுத்தி, காதில் தோடு மாட்டி, விளக்கைத் தாமரை மொட்டைப்போல் இரண்டு விரலால் பிடிக்கவைத்துவிட்டது. திறப்புவிழா நடந்த வாரத்திலேயே நோயாளியின் சொந்தக்காரர் யாரோ நெற்றியில் குங்குமம் வைத்துவிட்டார்கள். சேர்மன் ராஜராஜன் அதை அழிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சாமியாகவே இருந்துவிட்டுப் போகட்டும், ஆஸ்பத்திரிக்கு நல்லதுதானே என்பது அவர் கணக்கு.

ராஜராஜன் முன்பு ரைஸ்மில் வைத்திருந்தார். பாபநாசத்துக்கும் சுவாமிமலைக்கும் நடுவே, நெல்லை அவித்துக் காயப்போட்ட அதே களத்தில்தான் இப்போது கல்லூரியும் ஆஸ்பத்திரியும் நிற்கின்றன. நெல்லுக்குப் பதிலாக நர்ஸுகள் காய்கிறார்கள். அழைப்பிதழ்களில் அவர் பெயருக்கு முன்னால் 'கல்வித் தந்தை' என்று போடுவது வழக்கம். திருக்கடையூரில் அவருக்கு அறுபதாம் கல்யாணம் நடந்தபோது மாணவிகளை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய்ப் பந்தி பரிமாறவைத்து, வருகைப் பதிவில் அதைச் சமூக நலப் பயிற்சி என்று ஏற்றினார்கள். தந்தை என்றால் பிள்ளைகள் இதுகூடச் செய்யமாட்டார்களா?

இந்தக் கல்லூரிக்கு முன்பு ஒருமுறை தரமதிப்பீட்டுக் குழு வந்தபோது, போகிற போக்கில் ஒரு குறையை எழுதிவிட்டுப் போயிற்று. மாணவர்கள் தாங்களே முன்னின்று நடத்தும் கல்விச் செயல்பாடு எதுவும் இங்கே இல்லை என்பது அந்தக் குறை. முதல்வர் பேராசிரியை பிரகதாம்பாளுக்கு அது கன்னத்தில் விழுந்த அறை. உடனே சுற்றறிக்கை விட்டார். இனி மாதாமாதம் ஜர்னல் கிளப் நடக்கும். மருத்துவ இதழில் வந்த ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்றை ஒரு மாணவி எடுத்துக்கொண்டு, முழுக்கப் படித்து, அதில் எது உறுதி, எது ஓட்டை என்று மற்ற மாணவிகளோடு விவாதிப்பாள். ஆசிரியர்கள் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்பார்கள். முழுக்க முழுக்க மாணவிகள் தலைமை.

தலைமை தாங்கும் மாணவி யார் என்பதை முதல்வர் முடிவு செய்தார். கட்டுரைக்கும் அவர்தான் ஒப்புதல் தரவேண்டும். யார் எந்தக் கேள்வியைக் கேட்பது, அதற்கு யார் என்ன பதில் சொல்வது, எந்த இடத்தில் எல்லோரும் யோசிப்பதுபோல் சற்று நேரம் மௌனமாக இருப்பது என்பதையெல்லாம் டைப் அடித்துத் துண்டுச்சீட்டாக வெட்டிக் கொடுத்தார். சீட்டைப் பார்த்துப் படிக்கக்கூடாது. திடீரென்று மனதில் தோன்றியதுபோல் கேட்கவேண்டும். சஃபியா என்ற மாணவி ஒருமுறை சீட்டில் இல்லாத சந்தேகத்தைக் கேட்டுவிட்டாள். நிஜமாகவே அவளுக்குப் புரியவில்லை. மறுநாள் அவளைக் கூப்பிட்டு, கிளப்பின் ஒழுங்கைக் குலைத்ததற்கு விளக்கம் எழுதி வாங்கினார்கள். அதற்குப் பிறகு அந்தக் கல்லூரியில் யாருக்கும் எதுவும் புரியாமல் போனதில்லை.

இப்போது குழு மறுபடி வருகிறது. அதன் முன்னால் கிளப்பை நடத்திக் காட்ட மூன்றாம் ஆண்டு ஆஷ்லினைத் தேர்ந்தெடுத்தார்கள். பூண்டிப் பக்கத்துப் பெண். அப்பா அந்தோணிமுத்து பம்புசெட் மெக்கானிக். ஆஷ்லினுக்கு இங்கிலீஷ் நன்றாக வரும், நிறமும் மேடைக்கு எடுக்கும் என்று முதல்வர் காரணம் சொன்னார். இரண்டாவது காரணத்தைக் கொஞ்சம் தணிந்த குரலில் சொன்னார்.

ஆஷ்லின் முதலில் கொண்டுபோன கட்டுரை, ஒரு நர்ஸின் தலையில் கட்டும் நோயாளிகள் கூடக்கூடச் சாவும் கூடுகிறது என்று சொன்னது. முதல்வர் தலைப்போடு நிறுத்திக்கொண்டார். அடுத்தது கை கழுவுவது பற்றி. குழு எழுந்துபோய்க் குழாயைத் திறந்து பார்த்துவிடும் என்பதால் அதுவும் வேண்டாம் என்றார். மூன்றாவது பூச்சிமருந்து விஷம். வெளிநாட்டுப் பெயர்கள், கலர் கலராக வரைபடங்கள், தஞ்சாவூர் ஜில்லாவுக்குப் பொருத்தமான விஷயம். ஒப்புதல் கிடைத்துவிட்டது. கட்டுரை என்ன சொல்கிறது என்று முதல்வர் கேட்கவில்லை. அது சொன்னது இதுதான்.

வயலுக்கு அடிக்கும் மருந்து உடம்பில் ஏறி ஒருவர் விழுந்தால், ஊசி போட்டு, நுரை நின்று, நெஞ்சு தெளிந்து, ஆள் பேசவும் ஆரம்பித்துவிடுவார். பிழைத்துவிட்டார் என்று எல்லோரும் அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார்கள். அப்புறம் ஓரிரு நாளில் சிலருக்கு முதலில் கழுத்துத் தசை விழும். பிறகு மூச்சுத் தசை. விரலில் மாட்டுகிற ஆக்சிஜன் கிளிப் கடைசி நேரம்வரை எல்லாம் சரி என்றே காட்டிக்கொண்டிருக்கும். ஆகவே நர்ஸ் செய்யவேண்டியது ஒன்றுதான். தலையணையிலிருந்து தலையைத் தூக்கி நிறுத்தச் சொல்லிப் பார்க்கவேண்டும், அடிக்கடி. நிறுத்த முடியவில்லை என்றால் மூச்சு நிற்கப்போகிறது என்று அர்த்தம். உடனே டாக்டர், உடனே வெண்டிலேட்டர்.

ஆஷ்லின் அதைப் படித்துவிட்டு ஹாஸ்டல் கட்டிலில் படுத்துத் தலையைத் தூக்கிப் பார்த்தாள். எதிர்க்கட்டிலில் சஃபியாவும் தூக்கிப் பார்த்தாள். பாடப்புத்தகத்தில் இத்தனை வருஷமாக இருந்த கழுத்துத் தசைக்கு அன்றுதான் உயிர் வந்தது. அந்த வாரம் ஹாஸ்டல் முழுக்கப் பெண்பிள்ளைகள் படுத்தபடி தலையைத் தூக்கிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் கிடந்தார்கள். முதல்வர் கையை மீறி, ஜர்னல் கிளப் என்கிற விஷயம் அந்தக் கல்லூரியில் உண்மையில் நடந்தது அந்த ஒரு வாரம்தான்.

அப்போதுதான் குணசேகரனைக் கொண்டுவந்து போட்டார்கள்.

குத்தகைக்கு எடுத்துச் சம்பா நட்டிருந்தார். இலைச்சுருட்டுப் புழு விழுந்திருந்தது. முதுகில் மாட்டிய டேங்க் அடிப்பக்கம் ஒழுகியதை வியர்வை என்று நினைத்துவிட்டார். கலக்கிய மருந்தைப் பாதியில் கொட்டவா முடியும் என்று முழு வயலையும் அடித்து முடித்து, ஈரச்சட்டையோடு வரப்பில் வந்து உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்தார். அவர் மனைவி பூவம்மாள்தான் ஆட்டோ பிடித்துக் கொண்டுவந்தாள்.

டெல்டாவில் ஒருவன் பூச்சிமருந்தால் விழுந்தால் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். ஆட்டோக்காரர் கேட்டார், டாக்டர் கேட்டார், போலீஸ் ஸ்டேஷனிலிருந்து வந்த ஏட்டு கேட்டார், பார்க்க வந்த பங்காளிகள் பழத்தைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டார்கள்: குடிச்சாரா? பூவம்மாள் ஒவ்வொருவரிடமும், "இல்லீங்க, அடிச்சாரு. டேங்கு ஒழுகிப்போச்சு" என்றாள். கேட்டவர்கள் நம்பாமல் தலையாட்டினார்கள். பெரிய மனிதர்கள் கேட்பதற்கு எந்தச் சொல்லில் பதில் சொன்னால் விடுவார்கள் என்பதே அவள் யோசனையாகிவிட்டது.

குணசேகரன் தேறினார். மடையை அடைத்தார்களா, வயலில் தண்ணீர் நிற்கிறதா என்று கேட்குமளவுக்கு வந்துவிட்டார். டாக்டர் சூர்யபிரகாஷ், அந்த ஆஸ்பத்திரியின் ட்யூட்டி டாக்டர், ஐ.சி.யூ.விலிருந்து அவரை ஆண்கள் வார்டுக்கு மாற்றினார். ஆஷ்லின் மட்டும் வார்டுக்கு வரும்போதெல்லாம் அவர் தலைமாட்டில் நின்று, "அண்ணே, தலையைத் தூக்குங்க பாப்போம்" என்றாள்.

"ஏன் பாப்பா, என்னைப் பூம்பூம் மாடுன்னு நெனச்சிட்டியா?" என்று கேட்டுக்கொண்டே தூக்குவார். மோவாய் நெஞ்சில் இடிக்கும். அவள் சிரித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போவாள்.

எதற்கு இந்த வேலை என்று பூவம்மாள் கேட்டபோது ஆஷ்லின் விவரம் சொன்னாள். பயப்பட வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றும் சொன்னாள். பூவம்மாளிடம் அந்த ஆஸ்பத்திரியில் அப்படிச் சொன்னவள் அவள் ஒருத்திதான்.

குழு வருகிற அன்று காலையிலிருந்தே மழை. பழைய களத்துக்குப் பின்னால் வயலாக இருந்ததை மறக்காத பின்கட்டிலிருந்து தவளைச் சத்தம் வந்தது. ஆஸ்பத்திரி வேறு வேஷத்தில் இருந்தது. கிழிந்த மெத்தைகள் மாடிக்கும் மாடியில் இருந்த குரோட்டன்ஸ் தொட்டிகள் கீழ்த்தளத்துக்கும் இடம் மாறியிருந்தன. ஐ.சி.யூ.வில் இருந்த வெண்டிலேட்டர்களில் வேலை செய்யும் ஒரே ஒன்றை மூன்றாவது மாடிப் பயிற்சிக்கூடத்துக்கு ஏற்றி, ரப்பர் பொம்மை ஒன்றின் வாயில் குழாயைச் செருகி ஓடவிட்டிருந்தார்கள். பொம்மையின் நெஞ்சு அழகாக ஏறி இறங்கியது. பயிற்சிக்கூடம் நவீனமானது என்று குழுவுக்குத் தெரிய வேண்டாமா?

கஞ்சி போட்டு மடிப்பெடுத்த யூனிபாரத்தில் ஆஷ்லின் மேடைக்குப் போகும் முன் வார்டுக்கு வந்தாள். குணசேகரன் சிரிக்கவில்லை. குரல் மூக்கால் வந்தது. காலையில் கொடுத்த தண்ணீர் புரையேறி மூக்கு வழியாக வந்துவிட்டதாக பூவம்மாள் சொன்னாள். ஆஷ்லின் தலையைத் தூக்கச் சொன்னாள். தலை கொஞ்சம் எழும்பியது, நடுங்கியது, தலையணையிலேயே விழுந்தது. மறுபடி சொன்னாள். இந்தத் தடவை புருவம் மட்டும் எழும்பியது.

அவள் ஓடிப்போய் சூர்யபிரகாஷைப் பிடித்தாள். அவர் புதுக் கோட்டில் பெயர்ப்பட்டை நேராக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். இருந்தாலும் வந்தார், வரவில்லை என்று சொல்ல முடியாது. நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார், தெளிவாக இருந்தது. விரலில் கிளிப்பை மாட்டினார், நல்ல எண் காட்டியது.

"அந்தப் பேப்பரப் படிச்சதுலேர்ந்து உனக்கு எல்லாருக்கும் கழுத்து தொங்குற மாதிரியே தெரியுது" என்றார். "ப்ரோகிராம் முடியட்டும். நானே வந்து பாக்குறேன்."

கிளிப் கடைசிவரை சரியாகத்தான் காட்டும் சார், அதைத்தான் அந்தப் பேப்பரே சொல்கிறது என்று அவள் சொல்ல வாயெடுத்தாள். அவர் அதற்குள் படியேறியிருந்தார். கட்டுரையைக் கடைசிவரை படித்த ஆட்கள் அந்தக் கட்டடத்தில் இரண்டு பேர்தான், ஆஷ்லினும் சஃபியாவும். இருவருக்கும் கையெழுத்துப் போடும் அதிகாரம் கிடையாது.

வார்டில் இருந்த மாணவிகள் எல்லோரையும் ஆடிட்டோரியத்தை நிரப்பக் கூப்பிட்டுக்கொண்டு போயிருந்தார்கள். மிச்சம் இருந்த ஒரே ஸ்டாஃப் நர்ஸ் பெண்கள் வார்டையும் சேர்த்துப் பார்க்கவேண்டியவர். அவரையும் குழுவை வரவேற்க ரோஜாப்பூவோடு கட்டட வாசலில் நிற்கச் சொல்லியிருந்தார்கள். ஆஷ்லின் பூவம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நீங்க இந்த ஸ்டூல விட்டு எழுந்திரிக்கக் கூடாது. அண்ணனோட நெஞ்சையே பாத்துக்கிட்டு இருங்க. மூச்சு திணறினாலோ, கூப்பிட்டு கண்ணத் தொறக்கலன்னாலோ ஆடிட்டோரியத்துக்கு ஓடி வாங்க. யாரு தடுத்தாலும் என் பேரச் சொல்லுங்க."

பூவம்மாள் தலையாட்டினாள். ஆஷ்லினை மேடைக்கு வரச்சொல்லி ஆள்மேல் ஆள் வந்துகொண்டிருந்தது. போனாள்.

இந்த இடத்தில் அரவிந்தனைப் பற்றிச் சொல்லவேண்டும். கல்லூரியின் மக்கள் தொடர்பு அதிகாரி. குழுவின் நிபந்தனைகளில் 'சமூகப் பங்கேற்பு' என்று ஒன்று இருந்தது. ஆடிட்டோரியத்தின் இரண்டாவது வரிசையைச் சமூகத்தால் நிரப்பும் பொறுப்பு அவருடையது. சமூகத்துக்கு அவர் எங்கே போவார்? வார்டுக்குத்தான் வந்தார். ஒவ்வொரு கட்டிலின் பக்கத்திலும் ஸ்டூல் போட்டுச் சமூகம் உட்கார்ந்திருந்தது.

பூவம்மாள் வரமாட்டேன் என்றாள். ஆஷ்லின் சிஸ்டர் எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார் என்றாள். அரவிந்தன் கெட்டவர் இல்லை; வரிசையில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது, அவ்வளவுதான்.

"அவங்க பேசுற கூட்டம்தாம்மா. அவங்கதான் ஒங்கள வரச் சொன்னாங்க" என்றார்.

ஆடிட்டோரியத்துக்கு வாங்க என்று ஆஷ்லினும் சொன்னாளே. பூவம்மாள் புருஷனைப் பார்த்தாள். கண்ணை மூடியிருந்தார், தூங்குவதுபோல் இருந்தது. எழுந்தாள். படியேறும்போது அரவிந்தன் எல்லோருக்கும் பாடம் நடத்தினார். கோட்டுப் போட்ட யாராவது எழுப்பி எதைக் கேட்டாலும் 'நல்லா கவனிக்கிறாங்க' என்று மட்டும் சொல்லவேண்டும். கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். வாசலில் ஆளுக்கொரு ஸ்நாக்ஸ் பெட்டி கொடுத்து, மார்பில் சாட்டின் துணியில் செய்த பூ ஒன்றைக் குத்தினார்கள். பூவின் நடுவே இங்கிலீஷில் என்னவோ அச்சிட்டிருந்தது.

மேடையில் குத்துவிளக்கு ஏற்றி முடித்து, கல்வித் தந்தை கல்வியைப் பற்றிப் பேசினார். கல்வி வளர்ந்துகொண்டே இருப்பது, நெல்லைப்போல் என்றார். பிரகதாம்பாள் பேசும்போது, இங்கே ஆசிரியர் பின்னால் நிற்கிறார், மாணவி முன்னால் நடக்கிறாள் என்று முன்னால் நின்று சொன்னார். குழுத் தலைவர் வடக்கேயிருந்து வந்த வயதான பேராசிரியர். தமிழ் தெரியாது. மரியாதையான மனிதர், எல்லாவற்றுக்கும் தலையசைத்தார். சேர்மனுக்கும் சூர்யபிரகாஷுக்கும் நடுவே அவரை உட்காரவைத்திருந்தார்கள்.

ஆஷ்லின் ஆரம்பித்தாள். ஒத்திகை பார்த்த இங்கிலீஷ் வழுக்கிக்கொண்டு போயிற்று. சீட்டு வைத்திருந்தவர்கள் திடீரென்று தோன்றியதுபோல் எழுந்து கேட்டார்கள். பதில் சீட்டு வைத்திருந்தவர்கள் பதில் சொன்னார்கள். குழுத் தலைவர் குறிப்பெடுத்தார். திரையில் அடுத்த படம் வந்தது: படுத்திருக்கும் ஒருவர் தலையைத் தூக்க முயல்கிற கோட்டுச் சித்திரம். ஆஷ்லின் அதைக் காட்டக் கையைத் தூக்கியபடி அவையைப் பார்த்தாள்.

இரண்டாவது வரிசையில், மடியில் பெட்டியும் மார்பில் சாட்டின் பூவுமாக, பூவம்மாள் உட்கார்ந்திருந்தாள்.

ஆஷ்லின் நிறுத்திவிட்டாள். மாணவிகள், யோசிக்கவேண்டிய மௌனம் கொஞ்சம் முன்னதாக வந்துவிட்டதாக நினைத்து, ஒத்திகையில் சொன்னபடி மோவாயில் விரல்வைத்து யோசிக்க ஆரம்பித்தார்கள். அரங்கம் முழுக்க அறிவு ததும்பியது.

"அக்கா," என்றாள் ஆஷ்லின், மைக்கில். "அண்ணன்கிட்ட யாரு இருக்கா?"

தன்னை எழுப்பிக் கேட்கிறார்கள் என்பதே பூவம்மாளுக்கு முதலில் விளங்கியது. இத்தனை பேருக்கு நடுவில், மைக்கில், பெரிய மனிதர்கள் திரும்பிப் பார்க்க. பின்னாலிருந்து அரவிந்தன் சொல்லுங்க, சொல்லுங்க என்றார். அவள் பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"நல்லா கவனிக்கிறாங்க."

கைதட்டினார்கள். குழுத் தலைவர் என்ன நடக்கிறது என்று கேட்டார். பிரகதாம்பாள் குனிந்து, மாணவி தன் ஆய்வைப் பற்றிச் சமூகப் பிரதிநிதியிடம் நேரடியாகக் கருத்துக் கேட்கிறாள் என்று இங்கிலீஷில் விளக்கினார். மேடையில் சீட்டில் இல்லாததைப் பேசுகிறாளே என்ற கோபத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மடித்துவைத்துக்கொண்டார்.

"அதைக் கேக்கலக்கா. அவரு பக்கத்துல ஆள் இருக்கா இல்லியா?"

முதல் தடவை சத்தம் போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்தாள் பூவம்மாள். குரலை உயர்த்தி, "ரொம்ப நல்லா கவனிக்கிறாங்க" என்றாள்.

மறுபடி கைதட்டல். குழுத் தலைவரும் தட்டினார். அடுத்த கேள்விச் சீட்டு சஃபியாவிடம் இருந்தது. இப்படி ஒரு நோயாளியைக் கண்டால் நர்ஸ் முதலில் என்ன செய்யவேண்டும் என்பது கேள்வி. அவள் எழுந்து நின்றாள். ஆஷ்லினும் அவளும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஆஷ்லின் மைக்கைக் கீழே வைத்துவிட்டு மேடைப் படியில் குதித்து இறங்கி ஓடினாள். சஃபியா சீட்டைப் போட்டுவிட்டுப் பின்னால் ஓடினாள்.

இதற்குத்தான் பலத்த கைதட்டல். விவாதத்திலிருந்து நேரே செயல்முறைக்குப் போகிறார்கள் என்று குழுத் தலைவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். அதையும் பார்க்க விரும்புவதாகச் சொல்லி எழுந்தார். அவர் எழுந்ததால் சேர்மன் எழுந்தார், முதல்வர் எழுந்தார், போட்டோக்காரர் எழுந்தார். ஊர்வலம் கிளம்பியது. சூர்யபிரகாஷ் மட்டும் எதற்கென்று தெரிந்து, ஊர்வலத்தை முந்த முடியாமல் அதன் நடுவில் மாட்டிக்கொண்டு நடந்தார். அவருக்கும் பின்னால், என்ன தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று தெரியாமல் பூவம்மாள்.

வார்டில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. குணசேகரனின் உதடு நீலமாகியிருந்தது. கண் பாதி திறந்திருந்தது. நெஞ்சு அசையவில்லை; கழுத்தில் நாடி மட்டும் எங்கோ அடியில் தட்டிக்கொண்டிருந்தது. பக்கத்துக் கட்டில்காரர் காலில் கட்டோடு எழுந்திருக்க முடியாமல் கிடந்தார். எவ்வளவு நேரமாகக் கூப்பிடுகிறேன், ஒருத்தரும் வரவில்லை என்றார். சஃபியா அலமாரியிலிருந்து முகமூடியும் மூச்சுப் பையும் எடுத்துவந்தாள். ஆஷ்லின் முகமூடியை முகத்தில் அழுத்திப் பிடிக்க, சஃபியா பையை அமுக்கினாள். வெண்டிலேட்டர் வேண்டும் என்று ஆஷ்லின் வாசலைப் பார்த்துச் சொன்னாள். சத்தம் கேட்டு வந்த ஸ்டாஃப் நர்ஸ் அங்கே ரோஜாப்பூவோடு நின்றார்.

அப்போது ஊர்வலம் உள்ளே வந்தது. கட்டிலின் கால்மாட்டில் அரைவட்டமாக நின்றது. போட்டோக்காரர் நல்ல இடமாகப் பார்த்து நின்றுகொண்டார். குழுத் தலைவர் கட்டிலைப் பார்த்துவிட்டு, படுத்திருப்பது பொம்மையா அல்லது பயிற்சி கொடுத்த நடிகரா என்று முதல்வரிடம் கேட்டார். மிகவும் தத்ரூபமாக இருக்கிறது என்றார்.

பிரகதாம்பாள் திரும்பிக் கூட்டத்தில் சூர்யபிரகாஷைத் தேடினார்.

குழுவில் இருந்த அம்மாள் ஒருவர், மருத்துவர், முன்னால் வந்து குணசேகரனின் கழுத்தில் விரல் வைத்தார். வைத்ததுமே கைப்பையைத் தரையில் போட்டுவிட்டு நெஞ்சை அழுத்த ஆரம்பித்தார். சூர்யபிரகாஷ் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து தொண்டையில் குழாய் இறக்கினார். மூன்றாவது மாடியில் பொம்மையின் வாயிலிருந்து குழாயைப் பிடுங்கி, வெண்டிலேட்டரை லிஃப்டில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். அது வந்து சேர்ந்தபோது அதற்கு வேலை இருக்கவில்லை.

யாரோ போட்டோக்காரரை வெளியே போகச் சொன்னார்கள்.

மதியம் விருந்தினர் விடுதியில் குழு சாப்பிட்டது. அந்த அம்மாள் மட்டும் காரிலேயே உட்கார்ந்திருந்தார் என்று சமையல்காரர் சொன்னார். குழுத் தலைவர் நடந்ததற்கு மிகவும் வருந்தினார். வருந்தியபிறகு, தாம் பார்த்தவரையில் மாணவர் தலைமையும் நோயாளிப் பராமரிப்பும் இவ்வளவு நெருக்கமாக இணைந்த ஜர்னல் கிளப் வேறெங்கும் இல்லை என்பதையும் பதிவு செய்யவேண்டியிருக்கிறது என்றார். ராஜராஜன் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்.

பிரகதாம்பாள் ஆஷ்லினைத் தன் அறைக்கு அழைத்துத் திட்டவில்லை. உட்காரச் சொன்னார். இந்த அனுபவத்தைக் கட்டுரையாக எழுதலாம், மாணவி தலைமையில் ஆரம்பத்திலேயே கண்டுபிடித்த நிகழ்வு என்று தலைப்பு வைக்கலாம் என்றார். முதல் பெயர் தன்னுடையது, ஆஷ்லின் பெயரும் கடைசியில் வரும். முடிவு என்னவாயிற்று என்று எழுதவேண்டிய இடத்தில் என்ன எழுதுவது மேடம் என்று ஆஷ்லின் கேட்டாள்.

"நோயாளி பிறகு தொடர் கண்காணிப்புக்கு வரலைன்னு போடுவோம். எல்லாரும் அப்படித்தான் போடுறாங்க" என்றார் முதல்வர். பிறகு, தேர்வு ஹால் டிக்கெட் தன் கையெழுத்தில்தான் போகிறது என்பதைப் பற்றிப் பேசாமல், ஹால் டிக்கெட் வரும் மாதம் எது என்று மட்டும் விசாரித்தார்.

பிரேதப் பரிசோதனைக்குக் கொண்டுபோக ஆஸ்பத்திரியின் பின்கட்டுக்கு வண்டி வந்திருந்தது. மழை தூறிக்கொண்டிருந்தது. தகரக் கூரைக்குக் கீழே ஏட்டு பெஞ்சில் உட்கார்ந்து தொடையில் அட்டை வைத்து எழுதிக்கொண்டிருந்தார். பக்கத்தில் பூவம்மாள். கொஞ்சம் தள்ளி அரவிந்தனும் முதல்வரும் குடைக்கடியில் நின்றார்கள். ஆஷ்லின் வந்து பூவம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஸ்நாக்ஸ் பெட்டி இன்னும் திறக்காமல் பூவம்மாள் மடியில் இருந்தது. சாட்டின் பூவும் மார்பில் அப்படியே இருந்தது. ஆஷ்லின் ஊக்கைக் கழற்றிப் பூவை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

"பாப்பா," என்றாள் பூவம்மாள். "ரெண்டு தடவ கேட்டியே. மொதத் தடவ நான் சொன்னது ஒனக்குக் கேக்கலியா?"

"கேட்டுதுக்கா."

"அப்ப நான் தப்பா சொல்லிட்டனா?"

ஆஷ்லின் பதில் சொல்வதற்குள் ஏட்டு தலை நிமிர்ந்தார். பழைய கேள்வியை இன்னொரு தடவை கேட்டுவைத்தார். பூவம்மாள், இல்லீங்க, அடிச்சாரு என்றாள். எழுதிக்கொண்டார். கடைசியாக, ஆஸ்பத்திரியில் ஒழுங்காகக் கவனித்தார்களா என்று ஒரு வரி வேண்டும் என்றார். குடைக்கடியில் அரவிந்தன் தொண்டையைச் செருமினார்.

பூவம்மாள் ஆஷ்லினைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்ன பாப்பா சொல்லட்டும்?"

முதல்வர் ஆஷ்லினையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆஷ்லினுக்கு அவர் பார்ப்பது தெரிந்தது. அவள் பூவம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். காலையில் பிடித்த அதே கை.

"யாரும் சொல்லிக்குடுத்தது வேணாம்க்கா. காலையில நான் கேட்டனே, அவரு பக்கத்துல யாரு இருக்கான்னு. அதுக்கு பதில் சொல்லுங்க."

ஏட்டு பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார்.

"யாரும் இல்லீங்க" என்றாள் பூவம்மாள். சொல்லிக்கொடுக்காத வாக்கியம் என்பதால் அதற்குமேல் எப்படிப் போவது என்று கொஞ்சம் தடுமாறினாள். பிறகு, "நானும் இல்லீங்க" என்றாள்.